கதவோரத்துப் பள்ளம்

ஜூன் 10, திங்கள்

செண்பகம் இன்றைக்கு மகள் வீட்டிலிருந்து ஃபோனில் பேசினாள். இரண்டரை மாதத்தில் இதுதான் முதல் தடவை. பேசினாள் என்றா சொல்வது, பொன்மலர் ஃபோனை அம்மா கையில் திணித்திருப்பாள். "ஆடி பொறக்கதுக்கு முன்னால வந்து கூட்டிட்டு வந்திருதேன்" என்றேன். "அந்த வண்டியில இனிமே என்னால ஏற முடியாது" என்றாள். அத்தோடு ஃபோன் மகள் கைக்குப் போய்விட்டது.

எனக்கு ஒரு வகையில் நிம்மதி. என்ன கோபமோ ஏது கோபமோ என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் சீட்டுதான் விஷயம். அதில் நியாயமும் இருக்கிறது. பிக்கப் வாங்கி இருபத்தாறு வருஷம் ஆகிறது. குறுக்கே ஒரே நீள சீட்டு. ரெக்சின் கிழிந்து, தேங்காய் நார் பிதுங்கி, ஒரு ஸ்பிரிங் வேறு மேலே எட்டிப் பார்க்கிறது. முதுகுவலிக்காரி அதில் எப்படி உட்காருவாள்? ஆனால் வாயைத் திறந்து சொன்னால்தானே தெரியும். ஒரு நாளும் சொன்னதில்லை.

சீட்டை மாற்றிவிட வேண்டியதுதான். மாற்றி, தூத்துக்குடிக்குப் போய், மகாராணி மாதிரி உட்காரவைத்துக் கூட்டி வருகிறேன். ஆடி பிறந்துவிட்டால் சங்கரன்கோவிலில் என்னை மாதிரி மைக் செட்காரனுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. தபசுத் திருவிழாவுக்குத் தெருத்தெருவாகக் குழாய் ஸ்பீக்கர் கட்ட வேண்டும்.

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. ஆர்டர் எழுத வைத்திருந்தேன். வைகாசி முகூர்த்தம் முடிந்ததும் பக்கங்கள் சும்மா கிடக்கின்றன. வீட்டில் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை, இதில் எழுதுகிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

சோறு குழைந்துவிட்டது. மோர் விட்டுக் கரைத்துக் குடித்தேன்.

ஜூன் 13, வியாழன்

அந்தோணியின் காயலாங்கடைக்குப் போய் வந்தேன். தூத்துக்குடிக்கு இந்தப் பக்கம், பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. உடைத்த வண்டிகள் ஒரு காடு போலக் கிடக்கின்றன. சீட்டுகளுக்கு மட்டும் தனியாகத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறான்.

"யாரும் செத்த சீட்டு எனக்கு வேண்டாம்ப்பா" என்றேன். அவனுக்கு இது தினமும் கேட்கிற பேச்சு போல. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"வலது பக்கம் இருக்கது அடிபட்ட வண்டி, அண்ணாச்சி. இடது பக்கம் வெள்ளத்துல முங்குன வண்டி. உங்க மனசு எதுக்கு ஒப்புதோ அத எடுங்க."

வலது பக்கத்தில் ஒரு ஜோடி, சாம்பல் நிறம், புதுசு மாதிரி இருந்தது. உட்கார்ந்து பார்த்தேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. அப்போது பெல்ட் கையில் பட்டது. பாதியில் வெட்டியிருந்தது. யாரையோ வெளியே எடுக்க அவசரமாக அறுத்திருக்கிறார்கள். எழுந்து இடது பக்கம் போய்விட்டேன்.

வெள்ளம் என்றால் போன மார்கழியில் தூத்துக்குடியில் வந்ததுதான். கார் எல்லாம் கூரை வரைக்கும் முங்கிக் கிடந்ததாம். பொன்மலர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. செண்பகம்தான் பஸ் ஏறிப் போனாள், ஒரு மாதம் இருந்து கழுவிக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு மார்கழி. நாலு கோயிலில் விடியற்காலைப் பாட்டுப் போட வேண்டும், நகர முடியாது.

ஒரு ஜோடி எடுத்தேன். காரின் முன்சீட்டுகள், இரண்டும் தனித்தனி. கொஞ்சம் ஈர வாடை. தண்ணீர்தானே, காய்ந்தால் போயிற்று. "காயவச்சாச் சரியாப் போகும்லா?" என்று கேட்டேன். "காயவைக்கதப் பொறுத்து இருக்கு அண்ணாச்சி" என்றான். வியாபாரி வேறு எப்படிப் பேசுவான்.

அங்கிருந்து மகள் வீடு நாலு கிலோமீட்டர். போகவில்லை. கிரீஸ் வேட்டியோடு போய் நின்றால் நன்றாகவா இருக்கும்? வேலையை முடித்துக்கொண்டு போவதுதான் மரியாதை. ரவுண்டானாவில் வண்டியை ஓரம் கட்டி டீ குடித்தேன். அந்தப் பக்கம் போகிற டவுன் பஸ்களைப் பார்த்துக்கொண்டே இன்னொரு டீயும் குடித்தேன்.

ஜூன் 15, சனி

பழைய சீட்டைக் கழற்றினேன். நாலு போல்ட்டில் மூன்று துருப்பிடித்துப் பிடிவாதமாக இருந்தன. டீசலில் ஊறவைத்து, தட்டி, கெஞ்சி, கடைசியில் ஒன்றை வெட்டித்தான் எடுக்க முடிந்தது. முழங்கையில் சிராய்ப்பு.

சீட்டுக்கு அடியில் தரை சல்லடையாக இருக்கிறது. ஜாக்கி, ஒரு ஸ்பேனர், செத்த பல்லி. இடது பக்கத்து மூலையில் தைல டப்பாவின் மூடிகளும், வலி மாத்திரை அட்டைகளும். மாத்திரை அட்டை பதினான்கு, எல்லாம் காலி. மடித்து மடித்து உள்ளே செருகியிருந்தது.

யார் போட்டதென்று தெரியவில்லை. எங்கள் செட்டில் வேலை பார்க்கும் பரமசிவம் எப்போதும் பின்னால் குழாய்களோடுதான் வருவான். பாட்டுக்காரர்கள் வேனில் வருவார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

காலையில் ஃபோன் போட்டேன். "அம்மா குளிக்கா, யப்பா." மத்தியானம் போட்டேன். "அம்மா படுத்திருக்கா." சாயங்காலம் போட்டபோது மறுபடியும் குளிக்கிறாளாம். அந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை போலிருக்கிறது.

"சாப்ட்டியளா?" என்று கேட்டாள் பொன்மலர். சீட்டு மாற்றுகிற விஷயத்தைச் சொன்னேன். "அம்மைட்டச் சொல்லு" என்றேன். "சரிப்பா" என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

ஜூன் 18, செவ்வாய்

மைதீன் பாயின் குஷன் கடை. அளவுக்காகப் பழைய சீட்டையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். ஓட்டுவதற்கு ஒரு மர ஸ்டூலைக் கயிற்றால் கட்டி, அதில் உட்கார்ந்து ஊர்ந்தேன். ஊர் சிரித்தது, சிரிக்கட்டும்.

பாய் புதுசைத் தொடவில்லை. பழைய சீட்டைத் தரையில் போட்டு, கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தப் பக்கம் யாரு உக்காருவா, அண்ணாச்சி?"

"எங்க வீட்ல."

"ரொம்ப ஒல்லியோ?"

"இல்லையே. எதுக்குக் கேக்கீரு?"

"இங்க பாருங்க. கதவோரத்துல ஒரு சாண் எடம் மட்டும்தான் பள்ளமாக் கெடக்கு. இருபது வருசம் அதுலயே ஒட்டி உக்காந்திருக்காங்க. நடுவுல பாத்தியளா, பெட்டி வச்ச தடம். நாலு மூலையும் பதிஞ்சிருக்கு. பெட்டிக்கு நல்லா விசாலமா எடம் விட்டுருக்கிய."

அது ஆம்ப்ளிஃபயர். பின்னால் வைத்தால் குலுங்கி உள்ளே ஏதாவது விட்டுப்போகும். பாய்க்கு ரெக்சினைத் தெரியும், ஆம்ப்ளிஃபயரைப் பற்றி என்ன தெரியும்? அதை நடுவில் வைத்து, வளைவு வந்தால் "பிடி" என்பேன். செண்பகம் ஒரு கையை நீட்டிப் பிடித்துக்கொள்வாள். அவளுக்கும் அது பழகிவிட்டது. முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவன் முகத்தை எங்கே பார்ப்பது.

புதுச் சீட்டைப் பிரித்துப் பார்த்த பாய், "பஞ்சை மாத்திருவோம். வெள்ளத்துப் பஞ்சு, வாடை போகாது" என்றார். பத்து நாள் ஆகுமாம், அதுவும் அவர் கையில் இருக்கிற வேலை முடிந்த பிறகுதான். ஆடி வருகிறது, பஞ்சு மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேலே உறை மட்டும் தைத்தால் போதும், மெரூன் நிறத்தில். அவளுக்கு மெரூன் பிடிக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு புடவை அந்த நிறத்தில் உண்டு.

ஜூன் 21, வெள்ளி

டிரைவர் சீட்டு மட்டும் மாட்டியாயிற்று. கார் சீட்டின் கால்களும் நம் வண்டியின் ஓட்டைகளும் இரண்டு விரற்கடை பொருந்தவில்லை. ஆங்கிள் வெட்டி, குறுக்கே வெல்டிங் வைத்து, அதன்மேல் உட்காரவைத்தேன். வெல்டரிடம் நானே அளவு சொன்னேன், அதுதான் தப்பு. உட்கார்ந்து பார்த்தால் தலை கூரையில் முட்டுகிறது. முதல் பள்ளத்தில் ஒரு இடி, இரண்டாவதில் இன்னொன்று. திரும்பிப் போய் வெட்டிக் குறைத்துக்கொண்டு வந்தேன். வெல்டர் சிரித்தான்.

இதைச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லையே என்று இருந்தது. செண்பகம் சத்தமாகச் சிரிக்க மாட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தோள் மட்டும் குலுங்கும்.

ஜூன் 26, புதன்

திருவேங்கடத்துப் பக்கம் ஒரு கல்யாணம். என் பக்கத்தில் சீட்டு இல்லை, வெறும் தரை. ஆம்ப்ளிஃபயரை எங்கே வைப்பது? பரமசிவம் இரண்டு பழைய மெத்தையில் சுற்றி, பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் இடுக்கினான். வழியெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். போய் இறக்கி, ஸ்விட்சைப் போட்டால், கணீரென்று பாடுகிறது. ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வரும்போதும் அப்படித்தான் வந்தது.

பந்திக்குப் பிறகு பரமசிவத்திடம், "எங்க வீட்ல சீட்டு குத்துதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எப்பவோ மாத்தியிருப்பேன்" என்றேன். சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். அவன் வெற்றிலையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தான்.

"அக்கா சொன்னாங்களே அண்ணாச்சி. சாஸ்தா கோயிலுக்குப் போறப்ப. நிப்பாட்டச் சொல்லி."

"அது ஒரு தடவ."

"மூணு தடவ. பின்னால நின்னுட்டு இருந்த எனக்கே கேட்டுச்சு."

எட்டு வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறவன். இதுவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. இன்றைக்கும் எதிர்த்தா சொன்னான், எண்ணிக்கையைத்தான் சொன்னான்.

ஜூன் 30, ஞாயிறு

இடது பக்கத்துச் சீட்டு ஆறு நாளாக மாடியில் காய்கிறது. காலையில் தூக்கிப் போவதும், மேகம் கூடினால் இறக்கி வருவதும் பெரிய வேலையாகிவிட்டது. வெயிலில் கிடக்கும்போது வாடை இல்லை. நிழலுக்கு வந்தால் திரும்ப வந்துவிடுகிறது. என்ன வாடை என்று சொல்லத் தெரியவில்லை. சேறும் இல்லை, சாக்கடையும் இல்லை, ஏதோ ஒன்று.

சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தேன். பினாயில் தெளித்தேன். நேற்று சாம்பிராணி போட்டுப் பெரிய அண்டாவால் மூடி வைத்தேன். இப்போது கோயிலும் ஆஸ்பத்திரியும் சேர்ந்த மாதிரி மணக்கிறது. உறை போட்டால் தெரியாது.

ஜூலை 4, வியாழன்

முதல் பக்கத்தில் 'ஒரு நாளும் சொன்னதில்லை' என்று எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை, கீழே உண்மையை எழுதிவிடுகிறேன்.

பங்குனி உத்திரம். சாஸ்தா கோயிலில் ஆறு மணிக்குள் பாட்டுப் போட்டாக வேண்டும். கிளம்பும்போதே மணி மூன்றரை. தூத்துக்குடியில் தண்ணீர் இறைத்துவிட்டு வந்ததிலிருந்தே அவளுக்கு இடுப்பு சரியில்லை. குலசாமி கும்பிட வந்துதான் ஆக வேண்டும் என்று ஏறினாள். பாதி வழியில் கொஞ்சம் நிறுத்தச் சொன்னாள். காதில் விழுந்தது. இன்னொரு தடவை சொன்னாள். அதுவும் விழுந்தது. மூன்றாவது தடவை சொன்னபோது நான் டேப்பின் சத்தத்தைக் கூட்டினேன். வேண்டுமென்றே கூட்டினேனா என்று கேட்டால், ஆமாம்.

கோயிலில் போய் நின்றதும் அவளால் இறங்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே அசைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் என் பக்கத்துக் கதவைத் திறந்து, முதலில் ஆம்ப்ளிஃபயரை இறக்கினேன். வயர் கொடுத்து, ஸ்விட்சைப் போட்டு, பாட்டு வந்த பிறகுதான் பரமசிவத்தைக் கூட்டிக்கொண்டு வந்து அவளை இறக்கினேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். கண்ணில் தண்ணீர் இல்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பொன்மலர் காரோடு வந்து கூட்டிப் போனாள்.

இதை எழுதிவிட்டு மூடி வைத்தால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

ஜூலை 8, திங்கள்

எல்லாம் முடிந்தது. மெரூன் உறை, வெள்ளைத் தையல். பாய் கைவேலை கைவேலைதான். முன்னும் பின்னும் தள்ளலாம், சாய்த்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு சாண் இடைவெளி, அங்கே தண்ணீர் பாட்டில் வைக்கலாம்.

இடது பக்கம் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தாறு வருஷத்தில் இந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. ரோடு வேறு மாதிரி தெரிகிறது. டிரைவர் இல்லாத வண்டியில் உட்கார்ந்து வெறும் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்குள் போகப் பிடிக்காமல் அங்கேயே ரொம்ப நேரம் இருந்தேன்.

ஜூலை 11, வியாழன்

நாளை வெள்ளிக்கிழமை, நல்ல நாள். வீட்டைக் கூட்டினேன். அவள் தலையணைக்கு உறை மாற்றினேன். தோசை மாவு வாங்கி வைத்திருக்கிறேன், வந்ததும் அடுப்படியில் நிற்க வேண்டாம். பொன்மலரிடம் மட்டும் சொன்னேன். "வாங்கப்பா" என்றாள்.

ஜூலை 12, வெள்ளி

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நிழல் இல்லை, வண்டியை வெயிலில்தான் நிறுத்த வேண்டியிருந்தது. மருமகன் வேலைக்குப் போயிருந்தார், பேத்தி பள்ளிக்கூடம். பொன்மலர் சாப்பாடு போட்டாள். செண்பகம் ரசம் ஊற்றினாள். கொஞ்சம் தெளிந்திருக்கிறாள். இடுப்பில் பட்டை கட்டியிருக்கிறாள். "எளச்சுட்டிய" என்றாள். தண்ணீர் எடுத்துக் குடித்தேன்.

"சீட்டு மாத்தியிருக்கேன். வந்து உக்காந்து பாரு" என்றேன்.

மாட்டேன் என்று சொல்லவில்லை. இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக வந்தாள். கதவைத் திறந்துவிட்டேன். இதற்கு முன்னால் அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டதில்லை, அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏறி உட்கார்ந்தாள். நான் சுற்றி வந்து என் பக்கம் உட்கார்ந்தேன். சாய்வதற்கான பிடியைக் காட்டினேன். சாய்ந்தாள். கண்ணை மூடினாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

இரண்டு மணி நேர வெயிலில் வண்டிக்குள் அனல். மூக்கைச் சுருக்கினாள். கண்ணைத் திறந்து உறையைத் தடவினாள்.

"இது வெள்ளத்துல கெடந்த சீட்டா?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்?" கோபமே இல்லாத குரல். "ஒரு மாசம் இந்த வாடையத்தான் இந்த வீட்டுச் செவத்துல இருந்து சொரண்டுனேன். மெத்தை, பீரோ, பிள்ளையோட நோட்டுப் புஸ்தகம், எல்லாத்துலயும் இதே வாடை. மூணு தடவ வெள்ளையடிச்சும் மழை பெஞ்சா இன்னைக்கும் வரும். இந்த ஊர்ல பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒங்களுக்குத்தான் தெரியல."

எனக்கு எப்படித் தெரியும்? நான் வரவில்லையே. அந்த ஒரு மாதத்தில் அவளுக்கு எத்தனை தடவை ஃபோன் போட்டேன் என்று யோசித்தேன். இரண்டு. ஒன்று மின்சாரக் கட்டண அட்டை எங்கே என்று கேட்க.

மார்கழிக் கதையை இன்றைக்குத்தான் சொன்னாள். கட்டிலைக் கட்டில் மேல் போட்டுப் பேத்தியை அதன் உச்சியில் உட்காரவைத்திருந்தார்களாம். அவள் வந்தபோது பஸ் பாதியில் நின்றுவிட, முழங்கால் தண்ணீரில் மூன்று கிலோமீட்டர் நடந்தாளாம். வாளி வாளியாகச் சேற்றைத் தெருவில் கொட்டும்போதுதான் இடுப்பில் ஏதோ பிடித்ததாம். நான் ஒன்றும் குறுக்கே பேசவில்லை. வேர்வை இரண்டு பேருக்கும் ஒழுகியது. எங்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லாமல் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது இதுதான் முதல் தடவை.

"பங்குனி உத்திரத்தன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்றேன்.

தலையை ஆட்டினாள். ஆமாம் என்று ஆட்டினாளா, விடுங்கள் என்று ஆட்டினாளா, தெரியவில்லை.

"பஞ்ச மாத்திருதேன். வேற சீட்டே வாங்கிருதேன். வண்டி வேண்டாம்னா பஸ்லயே போவோம்." அதுவரைக்கும் நான் எப்போதும் பேசுகிற பேச்சுதான். அப்புறம் கேட்டேன். அவளிடம் எதையும் இப்படிக் கேட்டுப் பழக்கமில்லாததால் குரல் சரியாக வரவில்லை. "நீ இல்லாம வீட்ல இருக்க முடியல, செண்பகம். வாரியா?"

முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பாப்போம்" என்றாள்.

மெதுவாக இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு உள்ளே போனாள். மூன்று மணிக்குக் கிளம்பித் தனியாக வந்து சேர்ந்தேன்.

வீடு கட்டும்போது அடுப்படியில் ஒரு ஜன்னல் வேண்டும் என்று கேட்டாள். பாப்போம் என்றேன். திருச்செந்தூருக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம் என்றாள். பாப்போம் என்றேன். தம்பி மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போகலாமா என்றாள், தையல் மிஷின் ஒன்று வாங்கலாமா என்றாள், இடுப்புக்கு மதுரையில் ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்றாள். ஒவ்வொன்றுக்கும் அதைத்தான் சொன்னேன். அன்றைக்கு வண்டியை நிறுத்தச் சொன்னபோதுகூட முதலில் அதைத்தான் சொன்னேன், 'முன்னால போயிப் பாப்போம்'. சொன்னதில் ஒன்றையாவது செய்தேனா என்று வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.